இரண்டு நாற்காலிகளின் எடை

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்கு முப்பத்தாறு வயது. முதுகெலும்பில் இரண்டு இடங்களில் தட்டு நழுவிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்ததிலும் படுக்க வைத்ததிலும் வந்த வினை. மருத்துவக் குழு ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி என்னை வீட்டுக்கு அனுப்பியது. என் அப்பா இன்னும் வேலைக்குப் போகிறார். மகள் ஓய்வு பெற்றவள். எங்கள் செம்பனைத் தோட்டத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நான் வேலை செய்தது ஜார்ஜ்டவுனில் ஒரு தர்ம டயாலிசிஸ் நிலையம். இப்போது என் இடத்தில் இருக்கும் புனிதா போன மாதம் குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"அக்கா, புது தராசு வந்திருச்சு. வீல்சேர் எடையெல்லாம் அதுவே ஞாபகம் வச்சுக்கிது. காலையில வெறும் வீல்சேரை ஏத்தி எடை போடுற வேலை இனிமே எதுக்குன்னு புதுசா வந்த பிள்ளைங்க கேக்குறாங்க. நீங்கதான் அதுல அவ்வளவு பிடிவாதமா இருந்தீங்களாம். ஏன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன் லா."

ஒரு பக்கம் போதாது. அதனால் இது நீண்டுவிட்டது.

நான் பைராம் தோட்டத்துப் பெண். அப்பா எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் குலை வெட்டுபவர். அம்மா உதிரிப் பழம் பொறுக்கியவர். இருவருக்கும் கட்டைவிரல்தான் கையெழுத்து. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று அப்பா என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹார்ன் அடித்துக்கொண்டு தோட்டத்தை இரண்டு சுற்று சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை சிற்றாலயத்தில் பாதிரியார் என் பெயரை வாசித்தார். "ஆண்டவர் இந்தப் பிள்ளையை நேசித்து உயர்த்தியிருக்கிறார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வாக்கியத்தை நான் அப்படியே நம்பினேன். நான் பாடுபட்டேன், ஆண்டவர் நேசித்தார். பாடுபடாதவர்களைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒன்றும் இல்லை. நானும் யோசிக்கவில்லை.

தாதியர் படிப்பு மூன்று ஆண்டு. தூக்கமில்லாத மூன்று ஆண்டு என்று சொன்னால் போதும். முடித்ததும் இந்த நிலையத்தில் சேர்ந்தேன். இருபத்தெட்டு வயதில் காலை ஷிப்டுக்கு நான்தான் பொறுப்பாளர். அந்த வயதில் அந்தப் பொறுப்பு அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு உடம்பில் சேரும் நீர் வெளியே போக வழியில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரம்தான் அதை எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதை எடை சொல்லும். உபரி நீர் எதுவும் இல்லாதபோது ஒருவருக்கு இருக்க வேண்டிய எடை ஐம்பது கிலோ என்றால், அவர் ஐம்பத்து மூன்று கிலோவோடு வந்தால் மூன்று லிட்டர் எடுக்க வேண்டும். குறைவாக எடுத்தால் நீர் நுரையீரலில் ஏறும். அதிகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் விழும், சதை பிடித்துக்கொள்ளும். ஆகவே முதல் வேலை எடை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிற்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு தராசில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழிப்போம். எங்களிடம் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டும் நீலம். யாரோ இருவர் தானமாகக் கொடுத்தவை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றின் எடை பதினெட்டு கிலோ இருநூறு. இன்னொன்று சரியாகப் பதினாறு. அதை வெள்ளைப் பிளாஸ்டரில் எழுதி அதனதன் முதுகில் ஒட்டியிருந்தோம். தினமும் காலையில் நோயாளிகள் வருமுன் இரண்டையும் வெறுமையாகத் தராசில் ஏற்றி, எடையைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது தலைமைத் தாதி சிஸ்டர் லிம் வைத்த விதி.

சிஸ்டர் லிம் நிபோங் திபால் ஊரில் சீன மளிகைக் கடைக்காரருக்குப் பிறந்தவர். கடைக்கு வந்த தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழ். மரியாதைப் பன்மை, சரியான வினைமுற்று எல்லாம் அதில் கிடையாது. டாக்டரையும் "நீ" என்பார், நோயாளியையும் "நீ" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு செய்தவரின் பக்கத்தில் வந்து நின்று, அந்த வேலையைத் தானே முதலிலிருந்து மெதுவாகச் செய்து காட்டிவிட்டுப் போய்விடுவார். திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

நான் அப்படி இல்லை. நான் திட்டுவேன்.

தாதிகளை 'மிஸ்ஸி' என்று கூப்பிடும் எங்கள் நோயாளிகள் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. இந்த வெயிலில் அது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திட்டினேன், ஏனென்றால் என் ஷிப்டில் திட்டு பலன் தந்தது. சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி ஒவ்வொருவருக்கும் எவ்வளவு எடை ஏறியது என்று எழுதினேன். அதிகம் ஏறினால் சிவப்பு. ஒரு கிலோவுக்குள் இருந்தால் பச்சையில் ஒரு நட்சத்திரம். ஆறு மாதத்தில் என் ஷிப்டின் சராசரி மற்ற ஷிப்டுகளைவிடக் குறைந்தது. டாக்டர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். சிஸ்டர் லிம் பலகையைப் பார்த்து, "இது பள்ளிக்கூடமா?" என்று மட்டும் கேட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் வருபவர்களில் நாற்காலி தேவைப்பட்டவர்கள் இருவர். ஒருவர் மாணிக்கம் அங்கிள். துறைமுகத்தில் கப்பல் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர், வாயை இழக்காதவர். இன்னொருவர் ராஜம்மா அக்கா. பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர், அறுபது வயது, முழங்கால் இரண்டும் மடங்காது. மகள் கலாதான் கூட்டிக்கொண்டு வருவாள். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு மதிய ஷிப்டு. காலையில் அம்மாவைக் கொண்டுவந்து, நாற்காலியில் உட்கார வைத்து, தராசில் ஏற்றி இறக்கி, எல்லாம் அவளே செய்வாள். இரண்டு வருடத்தில் எங்கள் வேலை பாதி அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை ராஜம்மா அக்காவுக்கு எடை நான்கு கிலோ ஏறியிருந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் சிவப்பில் எழுதினேன். பிறகு, மற்ற பதினொரு இயந்திரங்களிலும் ஆட்கள் இருக்கும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சாகணும்னு ஆசையா இருந்தா வீட்டிலயே இருங்க அக்கா. இந்த மெஷினுக்கு வெளிய எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

"ரசம் மட்டும்தான் மிஸ்ஸி…"

"ரசம் தண்ணி இல்லையா? இங்க எல்லாரும் கட்டுப்பாடா இருக்காங்க. உங்களுக்கு மட்டும் வாய்."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கலா நாற்காலியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாணிக்கம் அங்கிள், "விடுங்க மிஸ்ஸி, கல்யாணத்துல ரசம் ஊத்துறவன் கையைப் புடிக்கவா முடியும்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை ராஜம்மா அக்காவுக்கு ஏறியது எண்ணூறு கிராம்தான்.

நான் கை தட்டினேன். உண்மையாகவே கை தட்டினேன். "பாத்தீங்களா? திட்டினாத்தான் ஆகுது" என்று சொல்லி, பலகையில் பெரிய நட்சத்திரம் போட்டேன். அவர் ஒரு குழந்தையைப் போலச் சிரித்தார். கலா சிரிக்கவில்லை. குனிந்து அம்மாவின் கால் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அதே காலை மாணிக்கம் அங்கிளுக்கு மூன்றரை ஏறியிருந்தது. எப்போதும் ஒன்றரைக்கு மேல் போகாதவர்.

"என்னா அங்கிள், கடலையே குடிச்சிட்டீங்களா?"

"நான் குடிக்கலெ மிஸ்ஸி. சத்தியமா குடிக்கலெ. நாக்கப் பாருங்க, காஞ்சு ஒட்டிக்கிச்சு."

"தராசு பொய் சொல்லுமா?"

மூன்றரை லிட்டர் எடுக்கும்படி இயந்திரத்தில் பதிவு செய்தேன். மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய மிச்சமிருந்த ஒரே காலில் சதை பிடித்துக்கொண்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். துறைமுகத்தில் முப்பது வருடம் உழைத்த மனிதர் அப்படிக் கத்துவதை நான் கேட்டதில்லை. பிறகு கண் சொருகியது. உப்பு நீர் ஏற்றி மீட்டோம். விழித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே குடிப்பீங்களா?"

வெள்ளிக்கிழமை அவர் தராசில் ஏறுமுன்பே சொன்னார். "மிஸ்ஸி, கோளாறு எங்கிட்ட இல்ல. இந்த வண்டியில இருக்கு. தள்ளும்போதே கனமாத் தெரியுது. நான் வின்ச் ஓட்டுனவன். பாரம் எனக்குத் தெரியும்."

"வீல்சேர் தண்ணி குடிக்குதாம்!" என்று நான் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

அதே வெள்ளிக்கிழமை ராஜம்மா அக்கா, "மூச்சு கொஞ்சம் வாங்குது மிஸ்ஸி, ரெண்டு தலையாணி வச்சு உக்காந்தபடிதான் தூங்குறேன்" என்றார். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. காலில் காலுறை போட்டிருந்தார். அதைக் கழற்றி, கணுக்காலில் விரலால் அழுத்திப் பார்ப்பது எங்கள் விதி. நீர் கோத்திருந்தால் அழுத்திய இடத்தில் பள்ளம் விழும். அரை நிமிட வேலை. எடை நன்றாக இருந்ததால் நான் செய்யவில்லை. "நல்லாத்தான் இருக்கீங்க. மனசு பயம்" என்றேன். கலா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அது எனக்குப் பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ராஜம்மா அக்கா இறந்துபோனார். ஆம்புலன்ஸ் வருமுன்பே. நுரையீரல் முழுக்க நீர்.

திங்கட்கிழமை காலை கலாவிடமிருந்து போன் வந்தது. சிஸ்டர் லிம் பேசி முடித்துவிட்டு வந்தார். இரண்டு நீல நாற்காலிகளையும் தள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக வெறுமையாகத் தராசில் ஏற்றினார். பதினாறு என்று பிளாஸ்டர் ஒட்டியிருந்த நாற்காலி பதினெட்டு இருநூறு காட்டியது. பதினெட்டு இருநூறு என்று எழுதியிருந்தது பதினாறு காட்டியது. அதில்தான் ராஜம்மா அக்கா உட்கார்ந்தார், அவருக்கு இரண்டு நாளும் இரண்டு கிலோ இருநூறு அதிகமாகக் கழித்திருக்கிறோம். பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். உரித்து ஒட்டிய மடிப்பு. பிறகு படிவத்தைத் திறந்தார். புதன்கிழமை, வெள்ளிக்கிழமை இரண்டு நாளும் இரண்டு எடையும் சரியாக எழுதப்பட்டிருந்தன. கீழே என் கையெழுத்து.

நான் எடை போடவில்லை. பல மாதமாகவே போடுவதில்லை. நாற்காலியின் எடை ஏன் மாறப் போகிறது? வந்ததும் முதல் வேலையாக அந்தப் படிவத்தை நிரப்பிவிட்டு மற்றதைப் பார்ப்பேன். கூடிப்போனால் ஒரு நிமிடம் மிச்சம்.

"நாற்காலி எடை போட்டியா, நீ? புதன்கிழமை?" என்று சிஸ்டர் லிம் கேட்டார்.

"போட்டேன் சிஸ்டர்."

"வெள்ளிக்கிழமை?"

"போட்டேன். அதுக்கப்புறம் யாரோ மாத்தியிருக்கணும்."

என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அன்று எல்லா நோயாளிகளுக்கும் அவரே எடை போட்டார். ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, காலுறையைக் கழற்றி, கட்டை விரலால் அழுத்தி, எடுத்துப் பார்த்து, மறுபடி காலுறையை மாட்டிவிட்டார். பதினொரு பேருக்கும். நான் பக்கத்தில் நின்றேன்.

ராஜம்மா அக்கா இறந்த நான்காம் நாள் கலா தானாகவே நிலையத்துக்கு வந்தாள். அழவில்லை. நேராக சிஸ்டர் லிம்மிடம் போய், "நான்தான் பிளாஸ்டரை மாத்தினேன்" என்றாள். "அம்மாவுக்குத் தெரியாது. திங்கக்கிழமை ராத்திரி பூரா அம்மா சாப்பிடலெ. மிஸ்ஸி மறுபடியும் ஏசுவாங்களேன்னு பயந்துக்கிட்டே இருந்தாங்க. கொஞ்ச நாளைக்குக் கம்மியாக் காட்டினா ஏச்சு இருக்காதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்."

நிலையத்து நிர்வாகம் ஒரு நாள் கூடிப் பேசியது. மகளின் அறியாமை, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்று முடித்தது. போலீசுக்குப் போக யாருக்கும் மனமில்லை. "பாவம் அந்தப் பொண்ணு, தாயைத் தானே கொன்னுட்டாளே" என்று சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

அன்று மாலைத் திருப்பலிக்குப் போனேன். முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். ஆண்டவரே, என் வேலையைக் காப்பாற்றினீர், என் பெற்றோரின் பெயரைக் காப்பாற்றினீர் என்று வாய்விட்டுச் சொன்னேன். நற்கருணைக்கு வரிசை நகர்ந்தபோது மட்டும் எழுந்து போக முடியவில்லை. கால் மரத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் இரண்டு நாற்காலிகளையும் தராசில் ஏற்றினேன். பதினெட்டு இருநூறு. பதினாறு. அதே எண்கள், தினமும். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளைப் பலகையைக் கழற்றிப் பொருள் அறையில் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மாணிக்கம் அங்கிள் அந்த வாரம் என்னிடம், "நான் சொன்னேன்ல மிஸ்ஸி" என்றார். அவ்வளவுதான். குத்திக்காட்டும் குரல்கூட இல்லை. சொல்லிவிட்டு, ஊசி போடுவதற்குக் கையை நீட்டினார்.

எங்கள் ஊசிகள் சாதாரண ஊசிகள் இல்லை. ஆணி மாதிரி இருக்கும், ஒவ்வொரு முறையும் இரண்டு. கையில் அறுவை செய்து பெரிதாக்கிய ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். பிசகினால் கை வீங்கிவிடும். யாரிடம் கையைக் கொடுப்பது என்பதில் நோயாளிகள் பிடிவாதம் பிடிப்பார்கள். அவர் வேறு தாதியைக் கேட்டிருக்கலாம்.

"அங்கிள், நான் உங்களை நம்பலெ. உங்களைச் சாகடிக்கப் பாத்தேன். இன்னும் எங்கிட்ட எப்படிக் கையக் குடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஊசி நல்லாப் போடுறீங்க. வாய்தான் சரியில்ல" என்றார். "போடுங்க லா. கை வலிக்குது, எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டு இருக்கிறது?"

போட்டேன். அவர் கையில் தழும்பும் மேடும் தவிர நல்ல தோல் விரல் அகலம்கூட இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்குச் சிற்றாலயத்தில் கேட்ட அந்த வாக்கியம் பிழையாகத் தெரிந்தது. நேசம் என்றால் பாடுபட்டதற்குக் கிடைக்கும் பரிசு என்று இருபத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தேன். இந்த மனிதருக்கு நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கையை நீட்டுகிறார். நான் எதையும் சம்பாதிக்கவில்லை. ஆண்டவர் என்னை நேசிப்பது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆறுதலாக இல்லை. பயமாக இருந்தது. என் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நேசத்துக்கு முன்னால் நிற்க முடியாது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயதில், அம்மாவின் காலில் செம்பனை முள் ஏறி சீழ் வைத்தது. தோட்டத்து மருந்தகத்தில் மருந்து போட்டுக் கட்டுவிடும் டிரெசர், வரும் பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசுவார். "கழுவாம வர்றியே, மாடா நீ?" என்பார். அந்த ஏச்சுக்குப் பயந்து அம்மா மூன்று வாரம் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அன்றுதான் நான் படித்தே தீருவது என்று முடிவு செய்தேன். அந்த மருந்தக மேசைக்கு மறுபக்கம் போய் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உட்கார்ந்தும்விட்டேன். அந்த டிரெசரின் நாக்கையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினைந்தாம் நாள் சிஸ்டர் லிம்மின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எடை போடவில்லை என்று சொன்னேன். அந்த இரண்டு நாள் மட்டும் இல்லை, ஐந்து மாதமாக என்று சொன்னேன்.

அவர் இழுப்பறையிலிருந்து அந்தப் படிவக் கோப்பை எடுத்து என் முன் தள்ளினார்.

"நான் தெரியும்" என்றார். "ஒரே பேனா. ஒரே மாதிரி எழுத்து. ஒரு மாசம் முழுசா ஒரே நாள்ல எழுதின மாதிரி. இங்கே பாரு, கீழே." ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் சரிபார்த்ததாக அவருடைய கையெழுத்து இருந்தது. "நானும் பாக்காம போட்டுச்சு. நீ நல்ல வேலைக்காரி. நான் நம்பிச்சு. நீ சொல்லாத வரைக்கும் நானும் சொல்ல வேணாம்னு இருந்துச்சு. நான் நல்ல ஆளா?"

அப்போதுதான் அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் அந்த வேலையில் இருந்தவர். அன்றே இருவர் பெயரையும் போட்டு அறிக்கை எழுதினார். அவருக்கும் எச்சரிக்கைக் கடிதம், எனக்கும். ஷிப்டு பொறுப்பு என்னிடமிருந்து போனது. நான்கு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அப்பாவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எனக்காக ஹார்ன் அடித்தவர், எழுந்துபோய் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினார்.

"கலாவுக்குச் சொல்லணும் சிஸ்டர்" என்றேன்.

"சொல்லணும்."

"நீங்க கூட வருவீங்களா?"

"வரல" என்றார். "எனக்குத் தைரியம் இல்ல. நீ போ."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மதியம் கலா வீட்டுக்குப் போனேன். ஒன்பதாவது மாடி. கலா மட்டும்தான் இருந்தாள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தாள். தரை இன்னும் ஈரம். ராஜம்மா அக்காவின் படத்துக்குப் போட்டிருந்த மாலை வாடத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "உள்ள வாங்க மிஸ்ஸி" என்றாள். நாற்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை.

"கலா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். தினமும் காலையில அந்த ரெண்டு வீல்சேரையும் வெறுமையா எடை போடணும். அது என் வேலை. நான் போடலெ. போட்ட மாதிரி எழுதி வச்சேன். புதன்கிழமை நீ வந்தப்புறம் மாத்தினதால எனக்குத் தெரியாமப் போயிருக்கலாம். ஆனா வெள்ளிக்கிழமை காலையில போட்டிருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாலயே நான் கண்டுபிடிச்சிருப்பேன். அம்மாவுக்கு முழுத் தண்ணியையும் எடுத்திருப்பேன்."

நான் நிறுத்தவில்லை.

"மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்க. காலைக்கூட நான் தொட்டுப் பாக்கலெ."

"எடுத்திருந்தா," என்றாள் கலா. நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமை எடுத்திருந்தா, அம்மா இருந்திருப்பாங்களா?"

இருந்திருக்கலாம், சொல்ல முடியாது, எல்லாம் ஆண்டவர் கையில். இந்தப் பதில்கள் எல்லாம் என் நாக்கில் வந்து நின்றன. தாதிகளுக்கு இவை மனப்பாடம்.

"இருந்திருப்பாங்க" என்றேன்.

அவள் சுவரில் சாய்ந்தாள். "நட்சத்திரம் போட்டீங்கள்ல," என்றாள். "அம்மா பக்கத்து வீட்டுல எல்லாம் சொன்னாங்க. மிஸ்ஸி எனக்குக் கை தட்டுனாங்கன்னு. சனிக்கிழமை, இவ்வளவு நாள் கட்டுப்பாடா இருந்தேன், ஒரு கிளாஸ் மோர் குடிச்சுக்கட்டுமான்னு கேட்டாங்க. நான் என்னான்னு சொல்றது? அம்மா, நீங்க நல்லா இல்ல, நான்தான் ஏமாத்துறேன்னு சொல்றதா? குடுத்தேன். என் கையாலதான் குடுத்தேன்."

"கலா…"

"உங்க மேல கோவமாக்கூட இல்ல எனக்கு. பதினேழு நாளா நான் ஒருத்திதான் செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். வந்தவங்க எல்லாரும் என்னையப் பாத்தாங்க. மாமா சோறு திங்க மாட்டேன்னுட்டாரு. நீங்க எங்க இருந்தீங்க?"

"கோயில்ல இருந்தேன்" என்றேன். அது உண்மை. அதைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு கேவலமான உண்மை என்று தெரிந்தது.

"எங்க மாமாகிட்டயும் சொல்வீங்களா? இதே மாதிரி?"

"சொல்றேன். நம்பர் குடு."

எழுதித் தந்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டாள். "போங்க மிஸ்ஸி. உங்கள மன்னிச்சிட்டேன்னு நான் சொல்வேன்னு எதிர்பாக்காதீங்க. இப்ப போங்க. இனிமே இங்க வராதீங்க."

நான் வெளியே வந்தேன். கதவைச் சாத்தினாள். செருப்பை மாட்டக் குனிந்தபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. முதலில் அது அழுகை என்று எனக்குப் புரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து, வாயைத் திறந்து, அம்மா அம்மா என்று. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இத்தனை நாளா ஒரு சொட்டு அழலியே அந்தப் புள்ள" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய்க் கலாவின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது.

போய்விடச் சொன்னவள் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்று தெரியும். மாடி நடைபாதையின் கோடியில், படிக்கட்டுப் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதையும் கேட்காமல், எதற்கும் நன்றி சொல்லாமல், நான் ஆண்டவர் முன்னால் நின்ற முதல் இடம் அதுதான். கலாவை என்னால் தேற்ற முடியாது. அவர் தேற்றட்டும் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவள் அழுகை ஓய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஓய்ந்த பிறகு படியில் இறங்கி, அவளுடைய மாமாவுக்குப் போன் போட்டேன்.